பதில்: கஜா புயலில் அப்பாவின் தென்னந்தோப்பு பற்றி எழுதினேன், ‘செய்தி படிப்பது போல இருக்கிறது’ என்கிறார்கள்

வணக்கம் சார். முழுதும் படித்தேன். முதல் நான்கு பத்தியில் காற்றின் வேகம், கரை கடந்த நேரம், நிவாரண அறிவிப்பு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. ‘2018 நவம்பர் 16 விடிகாலை, வேதாரண்யம் பக்கம்’ என்ற ஒரு வரி போதும், மிச்சத்தை வெட்டுங்கள்.

ஐந்தாம் பத்தியில் விழுந்த மரங்களை அப்பா எண்ண மறுக்கிறாரே, அங்கே தொடங்குங்கள். ஆனால் அடுத்த வரியிலேயே ‘அவர் மனம் உடைந்துபோனார்’ என்று விளக்கிவிடுகிறீர்கள். அதை எடுங்கள். பதிலாக, புதுக் கன்று வைக்கச் சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நெட்டை ரகம் காய்க்க 6, 7 வருஷம் ஆகும். அந்தக் கணக்கை எழுபது வயதுக்காரர் வாயால் சொன்னால் வேறெதுவும் வேண்டாம். பேச்சை மட்டும் உங்கள் ஊர் வழக்கில் விடுங்கள், கதை சொல்லும் வரிகள் எளிய நடையில் இருக்கட்டும். இரண்டும் வழக்காக இருந்தால் வெளியூர்க்காரர் பாதியில் இறங்கிவிடுவார்.

ஒரு ஏக்கரில் 200 தென்னையா? 25 அடி இடைவெளியில் 70 மரம்தான் நிற்கும். பட்டுக்கோட்டைக்காரர் ஒருத்தர் படித்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

அண்ணனின் கடன் விஷயத்தைப் பெயர் மாற்றிப் போட்டாலும் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். பதிவிடும் முன் அவரிடம் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், கதைக்கு அது தேவையும் இல்லை.

1,800 சொல்லை 900க்குக் கொண்டுவந்து மறுபடி போடுங்கள், பார்க்கலாம்.