வரைஞ்ச படமெண்டால் எல்லாம் பிள்ளையளுக்கோ? ரீச்சரிட்டைக் கேளுங்கோ

கிளிநொச்சிப் பாடசாலையொண்டில ஆலோசனை வழிகாட்டல் செய்யிற ரீச்சர், காட்டூன் படங்களைப் பற்றிப் பெற்றோர் அனுப்பின கேள்விகளுக்குப் பதில் சொல்லுறா.

முள்ளியவளை, ஒரு அம்மா: ஆறு வயசு மகன் போனில தன்ரபாட்டில காட்டூன் பாக்கிறான். வரைஞ்ச படம்தானே எண்டு விட்டிருக்கிறன். சரியோ ரீச்சர்?

தங்கச்சி, தனிய விடாதேங்கோ. ஜப்பானில 1988 ஏப்ரலில, ஜிப்லி ஸ்டூடியோ ரெண்டு படத்தைச் சோடியா ஒரே நாளில வெளியிட்டது. 'மை நெய்பர் டொட்டோரோ' காட்டுக்குள்ள இருக்கிற ஒரு பெரிய உயிரோட சிநேகமாகிற அக்கா தங்கச்சியின்ர கதை. முன்பள்ளிப் பிள்ளையும் சிரிச்சுப் பாக்கும். மற்றது 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்'. 1945இல குண்டுவீச்சில எரிஞ்ச கோபே நகரத்தில, தாயைப் பறிகுடுத்த அண்ணனும் தங்கச்சியும் பட்டினியால சாகினம். போஸ்டரைப் பாத்து வித்தியாசம் கண்டுபிடிக்கேலாது. யூடியூப்பில அடுத்த படம் தானா ஓடுறதையும் நிப்பாட்டி வையுங்கோ.

புதுக்குடியிருப்பு, ஒரு அப்பா: நீங்கள் சொன்ன ரெண்டாவது படத்தைப் பற்றித்தான் கேக்க இருந்தனான். மகளுக்குப் பன்ரெண்டு வயசு. 2009இல நாங்கள் முள்ளிவாய்க்கால் மட்டும் போய் வந்தது அவளுக்கு வடிவாத் தெரியாது. இந்தப் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தலாமோ?

அண்ணை, முதல்ல நீங்கள் தனிய இருந்து முழுக்கப் பாருங்கோ. அதில சின்னவளிட்ட பழ இனிப்புத் தகரப்பேணி ஒண்டு இருக்கும். இனிப்பு முடிஞ்சாப்பிறகு அண்ணன்காரன் பேணிக்குள்ள தண்ணி விட்டுக் குலுக்கி அவளுக்குக் குடிக்கக் குடுப்பான். கஞ்சிக்கு வரிசையில நிண்ட எங்களுக்கு அந்த இடம் நெஞ்சில அடைக்கும். மகள் திரையை விட உங்கட முகத்தைத்தான் கூடப் பாப்பாள். நீங்கள் அழுதால் பிழையில்லை, ஏன் அழுகிறியள் எண்டு அவளுக்குத் தெரியோணும். அதால கதையை முதல்ல உங்கட வாயால சொல்லுங்கோ. முழுக்க வேண்டாம். எந்த றோட்டால நடந்தனீங்கள், பங்கருக்குள்ள ஆர் ஆர் இருந்தனீங்கள், அவ்வளவும் காணும். எங்கட வீடுகளில கதைக்காமல் விட்டது கனக்க. அதைச் சொல்லுற பொறுப்பை ஒரு ஜப்பான் படத்தின்ர தலையில கட்டக்கூடாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

பிறகு காட்டலாம். பகலில, பக்கத்தில இருந்து. படம் தொடங்கேக்கையே அண்ணன்காரன் ஸ்டேசனில செத்துப்போறான், அதை முன்னமே சொல்லிவிடுங்கோ. "காணும் அப்பா" எண்டால் அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ. மே மாசத்தில வேண்டாம், அந்த நாளுகளில வீட்டில பாரம் ஏற்கெனவே கூட.

வவுனியா, ஒரு தம்பி: வயசுச் சான்றிதழைப் பாத்துக் காட்டினால் போதாதோ?

உதவும், போதாது. 'வோட்டர்ஷிப் டவுன்' எண்ட முயல் படத்துக்கு 1978இல பிரித்தானியாவில எல்லாரும் பாக்கலாம் எண்டு சான்றிதழ் குடுத்தவை. ரத்தம் சிந்துற சண்டையள் உள்ள படம் அது. 2022இலதான் பெற்றோர் வழிகாட்டலோட பாக்கிற வகைக்கு மாத்தினவை. நெட்பிளிக்ஸ் இருந்தால் பிள்ளைக்கெண்டு தனிப் புரொபைல் போட்டு, உங்கடதுக்கு இலக்கப் பூட்டுப் போடுங்கோ.

மாங்குளம், ஒரு அம்மம்மா: மகள் வெளிநாட்டில, பேரன் என்னோட. 'லயன் கிங்' பாக்கேக்க சிங்கக்குட்டியின்ர தகப்பன் செத்த இடத்தில ஏங்கி ஏங்கி அழுதான். இனிக் காட்டாமல் விடட்டோ?

அழுதது கெடுதி இல்லை அம்மா. தாய் பக்கத்தில இல்லாத பிள்ளைக்கு அந்த இடம் குத்தும். மடியில வைச்சு, "அம்மாவை நினைச்சனியோ?" எண்டு கேளுங்கோ, அண்டைக்கே தாயோட கதைக்க விடுங்கோ. நித்திரை குழம்புறது, சாப்பிடாமல் விடுறது, படுக்கையில சலம் போறது கிழமைக்கணக்கா நீண்டால் மாவட்ட வைத்தியசாலையின்ர மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க போறதில வெக்கம் ஒண்டுமில்லை.

பரந்தன், ஒரு அக்கா: தம்பிக்குப் பதினைஞ்சு. வெட்டுக்குத்து அனிமே, அதுதான் ஜப்பான் காட்டூன், விடிய விடியப் பாக்கிறான். போனைப் பறிக்கட்டோ?

பறிச்சால் சிநேகிதன்ர போனில பாப்பான். கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ, ஒரு பாகம் கூட இருந்து பாருங்கோ. பாலியல் வன்முறையை ரசிக்கிற மாதிரிக் காட்டுற தொடர் எண்டால் வேண்டாமெண்டு காரணத்தோட நேர சொல்லுங்கோ. இரவு பத்துக்குப் பிறகு போன் குசினி மேசையில, உங்கடதும் சேர்த்து.