மாமனாரின் வாதமும் டேங்கர் பில்லும்: பெங்களூரு வாசகர்களின் காலநிலைக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வீட்டுக்குள்ளும் ஒரே குடியிருப்புக்குள்ளும் எழுந்த கருத்து வேறுபாடுகளைப் பற்றியவை. அறிவியல் உண்மைகளை நான் விட்டுக்கொடுக்கவில்லை; ஆனால் மறுதரப்பில் இருப்பவர் எதைப் பார்த்து அப்படிப் பேசுகிறார் என்பதையும் எண்ணியே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. "அந்தக் காலத்தில் ஜெயநகரில் மின்விசிறியே தேவைப்பட்டதில்லை. மரத்தை வெட்டிக் கட்டடம் கட்டினார்கள், ஊர் சூடாகிவிட்டது, உலகமே சூடாகிறது என்பதெல்லாம் கதை" என்கிறார். என்ன பதில் சொல்வது? (வாசகி, ஜெயநகர்)

அவர் சொல்வதில் மெய் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். ஏரிகள் தூர்ந்து, மரங்கள் குறைந்து, கான்கிரீட் பரவியதால் பெங்களூரு தனக்கென்றே கொஞ்சம் சூட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நின்றால், பகல் வெயிலைத் தளம் இன்னும் விடாமல் வைத்திருப்பதைப் பாதமே சொல்லிவிடும். ஆனால் நடுக்கடலில் யாரும் கட்டடம் கட்டவில்லை. உலகில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்கள்தான் வாங்கிக்கொள்கின்றன, அவையும் சூடேறி வருகின்றன. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் அது குளிர்ந்து வருகிறது. கரியமில வாயு கூடும்போது நேர்வது இதுதான். 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அந்த வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

2024 ஏப்ரல் 28 அன்று நகரில் பதிவான 38.5 டிகிரியை மட்டும் காட்டி வாதிடாதீர்கள். 2016 ஏப்ரலிலேயே 39.2 டிகிரி பதிவாயிற்று என்று அவர் திருப்பிச் சொன்னால் அது சரியாகவே இருக்கும். ஒரு நாள் வெயிலை வைத்து எதையும் நிறுவ முடியாது. பல பத்தாண்டுகளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: புகை விட்டுச் செழித்தது மேலை நாடுகள். இப்போது நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். நாம் ஏன் கேட்க வேண்டும்? (வாசகர், சிவாஜிநகர்)

உங்கள் கோபம் நியாயமானது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் கரியமில வாயுவை வெளியிடுகிறார். ஓர் இந்தியரின் பங்கு 2 டன் அளவுதான். 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையும் நாடுகளின் பொறுப்பு பொதுவானது, ஆனால் வேறுபட்டது என்று ஏற்றிருக்கிறது. பேச்சுவார்த்தையில் அந்த நியாயத்தை இந்தியா உரக்கக் கேட்க வேண்டும், கேட்டும் வருகிறது. ஆனால் மழை நியாயம் பார்த்துப் பெய்வதில்லை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பகுதியில் டிராக்டரிலும் படகிலும் ஆட்களை மீட்டபோது, வெள்ளம் யாருடைய புகைக் கணக்கையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே நம் கால்வாய்களையும் சீர்செய்துகொள்ள வேண்டும்.

இதை வெளிநாட்டு அறிவியல் என்று ஒதுக்குவதும் சரியல்ல. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் என்று 1975இல் முதலில் காட்டியவர் வீரபத்ரன் ராமநாதன். சிறுவயதிலேயே பெங்களூருக்கு வந்து, பின்னாளில் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் படித்த தமிழர்.

கேள்வி: வீட்டுக்கு வீடு மரம் நட்டால் போதாதா? (வாசகர், மடிவாளா)

போதாது. ஆனால் நிழலுக்காக நடுங்கள். முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று முடிவு செய்துகொண்டு நடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகள் "எல்லாம் முடிந்துவிட்டது, படித்து என்ன பயன்?" என்கிறாள். அவளைத் தேற்றுவது எப்படி? (தாய், அல்சூர்)

"ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் நம்ப மாட்டாள். 2015ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன்பு, இந்த நூற்றாண்டின் முடிவில் வெப்ப உயர்வு 4 டிகிரியை நெருங்கும் என்ற கணிப்புகள் இருந்தன. இப்போது நடப்பிலுள்ள கொள்கைகளின்படி அது 3 டிகிரிக்கு அருகில் வந்திருக்கிறது. இதுவும் ஆபத்தான அளவுதான், ஆனால் மனிதர்கள் எடுத்த முடிவுகளால் குறைந்த அளவு. மேலே சொன்ன சி.எஃப்.சி. வாயுக்களை 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் படிப்படியாக நிறுத்தியது. அவற்றால் சிதைந்த ஓசோன் படலம் இன்று மெல்லத் தேறிவருகிறது. இதை அவளிடம் சொல்லுங்கள். அவளுடைய துயரத்தைக் கேட்க நேரமும் ஒதுக்குங்கள். தூக்கமும் உணவும் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் பாதிப் பேர் மழைநீர்ச் சேகரிப்பை விரிவாக்கக் கேட்கிறோம். "காவிரி ஐந்தாம் கட்டம் வந்தாயிற்று, வீண் செலவு" என்கிறார்கள் மற்றவர்கள். (வாசகர், ஒயிட்ஃபீல்ட்)

2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட, காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தால் நகருக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பெரிய உதவிதான். ஆனால் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடந்து, 500 மீட்டர் அளவுக்கு மேலேற்றப்பட்டு வருகிறது. ஒவ்வொரு லிட்டரும் மின்சாரம் தின்கிறது. குடகில் மழை தவறினால் குழாய் எத்தனை பெரிதாக இருந்தும் பயனில்லை. 2023இல் அப்படித் தவறியபோது, அடுத்த மார்ச்சில் இங்கே டேங்கருக்குக் காத்திருந்தோம். கீழே டெல்டாவில் நம் உறவினர்களும் அதே ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூரில் ஆண்டுக்கு 950 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அப்படியானால் 1,200 சதுர அடி மாடியில் விழுவது சுமார் ஒரு லட்சம் லிட்டர். அடுத்த கூட்டத்தில் காலநிலை என்ற சொல்லையே எடுக்காமல், 2024 கோடையின் டேங்கர் பில்களை மாதவாரியாக ஒரே தாளில் எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். புவி வெப்பத்தை நம்பாதவரும் அந்தத் தாளைப் படிப்பார். அவர் கையெழுத்திட்டால் போதும், அவருடைய நம்பிக்கையை மாற்ற வேண்டிய தேவையில்லை. வேலை தொடங்கும்போது, தூசியோடு வரும் முதல் மழையை வெளியே திருப்பிவிடும் வால்வும், சம்ப்புக்குள் நீர் இறங்கும் முன் ஒரு வடிகட்டியும் கட்டாயம் வையுங்கள்.