எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கடித்தால் மட்டும் சுளீர்!

கேள்வி: எனக்கு 44 வயது. வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் பத்து வருடத்துக்கு முன் சொத்தை அடைத்தேன். மூன்று மாதமாகச் சாப்பிடும்போது திடீரென்று சுளீர் என்கிறது, மறு விநாடியே போய்விடுகிறது. ஜில்லென்று குடித்தால் கூசுகிறது. இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்தும் பல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் வலி கற்பனை இல்லை. ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்: வலி கடிக்கும்போது வருகிறதா, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது வருகிறதா? திறக்கும்போது என்றால் பல்லில் விரிசல் இருக்குமோ என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன். கடிக்கையில் விரிசலின் இரு பக்கமும் துளி விலகி, விட்டதும் சட்டென்று சேர்கின்றன. அந்த அசைவுதான் உள்ளே நரம்பைச் சுண்டுகிறது.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? கடைவாய்ப்பல்லில் விரிசல் பெரும்பாலும் முன்பின்னாக ஓடும். எக்ஸ்ரேயோ கன்னத்துப் பக்கமிருந்து எடுப்பது. மூடிய புத்தகத்தின் அட்டையை நேராகப் பார்த்தால் தாள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியுமா? அதே கதைதான்.

அதனால் வேறு விதமாகத் தேட வேண்டும். பல்லின் மேல் நாலைந்து முகடுகள் இருக்கும். சின்னப் பிளாஸ்டிக் குச்சியை ஒவ்வொரு முகடாக வைத்துக் கடித்து, பிறகு விடச் சொல்வோம். ஒரே ஒரு முகட்டில் நீங்கள் துள்ளினால் இடம் தெரிந்துவிடும். பக்கவாட்டில் பளிச்சென்று ஒளி பாய்ச்சினால் நல்ல பல்லில் வெளிச்சம் முழுக்கப் பரவும், விரிசலில் தடைபட்டு அந்தப் பக்கம் இருண்டு போகும். பழைய அடைப்பை எடுத்துப் பார்ப்பதும் அவசியம். அடியில் தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு படுத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரிய அடைப்பு உள்ள பல்லில் சுவர் மெலிந்திருக்கும், அதனால்தான் சுலபமாக விரிகிறது.

எலும்பு மாதிரி பல் தானாக ஒட்டாது. தள்ளிப்போட்டால் விரிசல் கீழே இறங்கும். நரம்பு நன்றாக இருந்தால் பல்லைச் சுற்றி கேப் போட்டு இறுக்கிப் பிடித்தாலே பெரும்பாலும் வலி அடங்கிவிடும். அப்புறமும் சிலருக்கு ரூட் கெனால், அதாவது கெட்ட நரம்பை எடுத்துவிட்டு உள்ளே அடைக்கும் சிகிச்சை, தேவைப்படும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சூடு பட்ட வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, ராத்திரி தானாக விண்விண் என்று தெறித்தாலோ முதலிலேயே ரூட் கெனால் செய்துதான் கேப். பல் வேர்வரை இரண்டாகப் பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர பொதுவாக வழி இல்லை. இந்த நிலைக்குப் போகக் கூடாது என்றுதான் அவசரப்படுத்துகிறேன்.

முன்பற்களில் வெளிச்சத்தில் தெரியும் மெல்லிய கோடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலி இல்லாவிட்டால் பெரும்பாலும் அவற்றால் தொந்தரவில்லை.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் கேப் போட்ட பிறகு இரவில் பற்களுக்கு நைட் கார்டு என்ற பாதுகாப்பு உறையும் வேண்டும். மருத்துவரைப் பார்க்கும்வரை இடது பக்கமாகவே மெல்லுங்கள். முறுக்கு, சீடை, ஐஸ் கட்டி கூடவே கூடாது. கிராம்புத் தைலம் வலியை மறைக்குமே தவிர விரிசலை மூடாது. ஈறோ முகமோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.