கணினிக் கேள்வி–பதில்: செய்தியோடையில் எதைப் போடலாம், எதை விடலாம்?

எங்கள் வட்டாரச் செய்தித் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது. புதிய செய்திகளைச் செயலிகளுக்குத் தானாகத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையில் தலைப்பும் இணைப்பும் மட்டும் போகிறது. எழுதியவர், படம், பகுதி, குறிச்சொற்கள், படிக்க ஆகும் நேரம், பகிர்வு எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்க்கலாம் என்கிறார் தளத்தை வடிவமைத்தவர். எவை உண்மையில் தேவை?
— வாசகர், விருதுநகர்

ஆர்எஸ்எஸ் 2.0 விதிப்படி தலைப்பு, சுருக்கம் இரண்டில் ஒன்று இருந்தாலே அது ஒரு செய்தி. மற்ற எதுவும் கட்டாயமில்லை. ஆனால் நடைமுறையில் ஐந்து இல்லாமல் ஓடை விடக்கூடாது: தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான நேரம், செய்திக்கான நிரந்தர அடையாளம். ஐந்தாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அடுத்த கேள்வியில் அதற்கு வருகிறோம்.

இந்த ஐந்துக்கு மேல் எதைச் சேர்த்தாலும் ஒன்று பாருங்கள்: வெளியிட்ட பிறகு அது மாறுமா? ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடை வாசிப்புச் செயலிகள் செய்தியை எடுத்துத் தம்மிடம் சேமித்துக்கொள்கின்றன. காலையில் 12 பேர் பகிர்ந்த செய்தியை மாலையில் 400 பேர் பகிர்ந்திருந்தாலும் வாசகர் கண்ணில் படுவது 12 ஆகவே இருக்கலாம். சில செயலிகள் எழுத்து மாறினாலே ‘திருத்தப்பட்டது’ என்று குறி போடும். அதோடு, கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து ஈடேக் (கோப்பு மாறியதா என்று காட்டும் அடையாளம்) கணக்கிடும் சர்வராக இருந்தால், எண்ணிக்கை மாறும்போதெல்லாம் ஓடையே மாறியதாக நினைத்து, ‘304, மாற்றமில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் முழுக் கோப்பையும் அனுப்பும். பகிர்வு எண்ணிக்கை வேண்டவே வேண்டாம். படிக்க ஆகும் நேரம் மாறாதுதான். ஆனால் அதற்கென்று ஆர்எஸ்எஸில் டேக் (இன்ன தகவல் என்று காட்டும் குறி) இல்லை, சொந்தமாக ஒன்றை உருவாக்கினால் எந்தச் செயலியும் அதைக் கண்டுகொள்ளாது.

எழுதியவர் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்எஸ்எஸின் ‘ஆத்தர்’ டேக் கேட்பது மின்னஞ்சல் முகவரியை. பெயரைப் போட்டால் ஓடையைச் சரிபார்க்கும் சோதிப்பான் குறை சொல்லும், முகவரியைப் போட்டால் குப்பை அஞ்சல் வரும். டப்ளின் கோர் என்ற பொது டேக் தொகுப்பிலுள்ள ‘டிசி:கிரியேட்டர்’ இதற்கு ஏற்றது. வேர்ட்பிரஸ் அதைத்தான் தருகிறது. எல்லாச் செய்தியிலும் ‘நமது நிருபர்’ என்றே போகும் என்றால் அந்த டேக்கை எடுத்துவிடலாம். பெயரை வைத்து வடிகட்டுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பகுதிகளையும் குறிச்சொற்களையும் வேர்ட்பிரஸ் பிரிப்பதில்லை; இரண்டையும் ஒரே ‘கேட்டகரி’ டேக்காகக் கொட்டுகிறது. ஒரு செய்திக்கு 15 குறிச்சொல் வைப்பவர்களின் ஓடையில் ‘விளையாட்டு’ என்ற பகுதி எங்கோ புதைந்து கிடக்கும். இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரே பொருளுக்கு இன்று ‘தேர்தல்’, நாளை ‘தேர்தல் செய்திகள்’ என்று மாற்றி மாற்றி எழுதினாலும் வாசகர் போட்டுவைத்த வடிகட்டி தோற்றுப்போகும்.

படம் அவசியம் சேர்க்கலாம். ஆனால் ‘என்குளோஷர்’ டேக்கில் வேண்டாம். பாட்காஸ்ட் ஒலிக்கோப்புகளுக்குப் பெரிதும் பயன்படும் டேக் அது. முகவரி, பைட் கணக்கில் அளவு, கோப்பு வகை மூன்றையும் கேட்கும். படத்தை அதில் வைத்தால் சில செயலிகள் தரவிறக்க வேண்டிய இணைப்பாகக் காட்டும். யாஹூ உருவாக்கிய மீடியா ஆர்எஸ்எஸ் என்ற கூடுதல் டேக் தொகுப்பின் ‘மீடியா:கன்டென்ட்’ அல்லது ‘மீடியா:தம்ப்நெயில்’ போதும். ஓடையின் முதல் டேக்கில் மீடியா ஆர்எஸ்எஸின் பெயர்வெளியை (அந்த டேக்குகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் முகவரியை) அறிவிக்க மறந்தால் படம் மட்டுமல்ல, மொத்த ஓடையும் எக்ஸ்எம்எல் (ஓடை எழுதப்படும் வடிவம்) பிழையாகி நின்றுவிடும். படத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி முழுமையாக இருக்க வேண்டும். சிறப்புப் படத்தை வேர்ட்பிரஸ் தானாக ஓடையில் வைக்காது. தீமிலோ (தளத்தின் தோற்ற வடிவம்) பிளகினிலோதான் (கூடுதல் நிரல்) சேர்க்க வேண்டும்.

தளத்தைப் புதிய முகவரிக்கு மாற்றினோம். மறுநாள் பழைய செய்திகள் எல்லாம் புதியவை போல வாசகர்களிடம் மறுபடி போய்விட்டன. ஏன்?
— வாசகி, கோவை

‘கைடு’ மாறிவிட்டது. மேலே சொன்ன நிரந்தர அடையாளம் இதுதான். ஏற்கெனவே காட்டிய செய்தியா, புதியதா என்று செயலி பெரும்பாலும் இதை வைத்தே முடிவு செய்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது புதுச் செய்தி.

வேர்ட்பிரஸ் இந்த மதிப்பைத் தரவுத்தளத்தில் தனியாக வைத்திருக்கிறது, ‘நிரந்தர இணைப்பு அல்ல’ என்ற குறிப்போடு. பழைய தள முகவரி அதில் அப்படியே இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை, இருக்கத்தான் வேண்டும். தளம் மாறும்போது தரவுத்தளம் முழுக்கப் பழைய முகவரியைத் தேடி மாற்றும் கருவி இதையும் சேர்த்து மாற்றியிருக்கும். அடுத்த முறை கைடு என்ற நெடுவரிசையை விலக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். இப்போது மாறியதைத் திரும்பப் பழையபடி ஆக்க வேண்டாம். இரண்டாம் முறையும் எல்லாம் போய் விழலாம்.

சொந்தமாக ஓடை எழுதுபவர்கள் ‘இஸ்பெர்மாலிங்க்’ என்ற பண்பை மறக்கக்கூடாது. அதைச் சொல்லாமல் விட்டால் ‘ஆம்’ என்றே பொருள். செயலி கைடையே இணைப்பாக எடுத்துக்கொண்டு திறக்கப் பார்க்கும். தரவுத்தள எண்ணைக் கைடாக வைத்தால் ‘ஃபால்ஸ்’ (இல்லை) என்று எழுத வேண்டும்.

தமிழ்த் தலைப்பிலிருந்து உருவாகும் முகவரியைக் கைடாக வைக்காதீர்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதினால் 9 எழுத்து. ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லே 81 எழுத்தாகிவிடும். வேர்ட்பிரஸ் 200இல் வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டுப்பட்ட முகவரியைப் பார்த்து உதவி ஆசிரியர் யாராவது என்றாவது கை வைப்பார், கைடும் மாறிவிடும்.

எங்கள் ஓடையில் செய்திகள் வரிசை தவறி வருகின்றன. சில செய்திகள் நாளைய தேதியில் தெரிகின்றன.
— வாசகர், திருச்சி

இரண்டு காரணங்கள் இருக்கலாம். உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டு முடிவில் +0000 (உலகப் பொது நேரம்) என்று ஒட்டியிருப்பீர்கள். மாலை 6.30க்கு மேல் வெளியாகும் செய்தி ஐந்தரை மணி நேரம் தள்ளி நள்ளிரவைத் தாண்டிவிடும். +0530 என்று எழுதுங்கள், அல்லது நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். ‘ஐஎஸ்டி’ என்று போடாதீர்கள். ஆர்எஸ்எஸ் பின்பற்றும் ஆர்எஃப்சி 822 என்ற இணைய விதியின் நேர மண்டலப் பட்டியலில் அது இல்லை, இஸ்ரேலிலும் அதே சுருக்கம் உண்டு.

இன்னொன்று, தளத்தின் மொழி தமிழாக இருந்து, தேதியை மொழிபெயர்க்கும் நிரல்வரியையே ஓடையிலும் பயன்படுத்தியிருப்பது. கிழமையும் மாதமும் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். ‘செவ்வாய், 14 ஜனவரி 2025’ என்பதைச் செயலியால் படிக்க முடியாது. தான் எடுத்த நேரத்தையே தேதியாகப் போட்டுக்கொள்ளும். வேர்ட்பிரஸின் சொந்த ஓடையில் இது நேராது. தீமில் தனியாக எழுதிய ஓடையைப் பாருங்கள்.

செய்தியைத் திருத்தும்போது வெளியான நேரத்தை மாற்றி மேலே ஏற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். திருத்திய நேரம் வாசகருக்குத் தெரிய வேண்டும் என்றால் ‘ஆட்டம்’ (Atom) என்ற இன்னொரு ஓடை வடிவத்துக்கு மாறலாம். 2005இல் வந்த அதன் விதியான ஆர்எஃப்சி 4287 வெளியான நேரத்துக்கும் திருத்திய நேரத்துக்கும் தனித்தனி டேக் தருகிறது. இரண்டாவது அதில் கட்டாயம்.

சுருக்கத்தை 300 எழுத்தில் வெட்டினோம். சில நாள் ஓடை முழுவதும் திறக்க மறுக்கிறது.
— வாசகர், ஈரோடு

வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஹெச்பி மொழியின் ‘சப்ஸ்டர்’ கட்டளை 300 எழுத்தை வெட்டவில்லை, 300 பைட்டை வெட்டுகிறது. இடையில் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வருவதால் வெட்டு ஒரு தமிழ்க் குறியீட்டின் நடுவில் விழும் நாளில், முறையற்ற பைட் கோப்புக்குள் நுழைகிறது. எக்ஸ்எம்எல் அதை மன்னிக்காது. எழுத்துக் குறியீட்டுக் கணக்கில் வெட்டும் ‘எம்பி_சப்ஸ்டர்’ கோப்பைக் காப்பாற்றும். ஆனால் ‘போ’வை வெட்டி ‘ப’ என்று விட்டுவிடலாம். சொல் கணக்கில் வெட்டுவதே தமிழுக்குச் சரி. வேர்ட்பிரஸின் வழக்கமான 55 சொல் தாராளம். 30இலும் செய்தி தெரியும், முதல் வரி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்.

வெட்டும் முன் எச்டிஎம்எல் குறிகளை நீக்குங்கள். ‘என்பிஎஸ்பி’ என்ற வெற்றிடக் குறியீடு அப்படியே தங்கினாலும் ஓடை உடையும், எக்ஸ்எம்எல்லுக்கு அது தெரியாது.

மொழிக் குறியீடாக ‘டிஏ’ போதுமா, இலங்கைத் தமிழுக்குத் தனியாக உண்டா?
— வாசகி, யாழ்ப்பாணம்

‘டிஏ’ போதும். இலங்கைச் செய்தித் தளம் என்று காட்ட விரும்பினால் சிறு கோட்டுக்குப் பிறகு ‘எல்கே’ சேர்க்கலாம். பலரது ஓடையில் அமெரிக்க ஆங்கிலத்தைக் குறிக்கும் ‘இஎன்-யுஎஸ்’ இன்னும் இருக்கிறது. தமிழ் ஓடையை மொழியை வைத்துத் தேடுபவர்களுக்கு அந்தத் தளம் சிக்கவே சிக்காது.