பாட்டியின் பட்டுக்கு வயது என்ன?

கேள்வி: பாட்டி காலமான பிறகு அவருடைய ஏழு காஞ்சிப் பட்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. எந்த வருடத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஜரிகை வாங்குபவர் எடைபோட்டு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாட்டியின் தங்கை திருச்சியில் இருக்கிறார். 86 வயதானவரைத் தொந்தரவு செய்ய மனமில்லை.
- வாசகி, சென்னை

பதில்: ஜரிகைக்காரரைக் கூப்பிட்டு எடைபோட மனம் வந்தது, சின்னப் பாட்டியைப் போய்ப் பார்க்க மட்டும் மனம் வரவில்லையா? ஜரிகைக்காரர் புடவையை எரித்து வெள்ளியை எடுப்பவர். எது கூறை, எது சீமந்தத்துக்கு எடுத்தது, எது தலைதீபாவளிக்கு வந்தது என்று சொல்லக்கூடியவர் திருச்சியில் இருக்கிறார். பெரியவர்களைக் கேட்காமல் விடுவதற்குப் பெயர் கரிசனமில்லை, அலட்சியம்.

சீமந்தப் புடவை என்று ஒன்றைக் காட்டினாரானால், வீட்டின் தலைப்பிள்ளை பிறந்த தேதியிலிருந்து சில மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். வருடம் கிடைத்துவிடும். அவரிடம் வருடத்தைக் கேட்காதீர்கள். "அப்போ எந்த வீட்ல இருந்தீங்க? யார் கைக்குழந்தை?" என்று கேளுங்கள்.

புடவை தானாகச் சொல்வது குறைவுதான். ஒன்பது கஜமும் அசல் ஜரிகையும் இன்றும் நெய்யப்படுகின்றன, அவற்றை வைத்து வயது சொல்ல முடியாது. முந்தானைக் குஞ்சத்தில் ஏற்கெனவே அறுந்து தொங்கும் ஜரிகை இழை ஒன்றைப் பிரித்து உரசினால் தரம் தெரியும்: உள்ளே சிவப்புப் பட்டு நூல், மேலே வெள்ளை உலோகம் என்றால் வெள்ளி ஜரிகை. செம்பு நிறம் தெரிந்தால் மட்டம். வெள்ளி கறுக்கும், அதற்காகத் தேய்க்காதீர்கள். கடைச் சீட்டு இருந்தால் நல்லது. விலையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ஆனால் சீட்டு புடவையிலேயே இருக்க வேண்டும், பெட்டிகள் மாறிப்போகும். கல்யாண போட்டோவோடு ஒப்பிடும்போது கரையின் அகலத்தையும் உருவங்களையும் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் நிறத்தை நம்ப முடியாது.

பழைய மடிப்புகளில் பட்டு இற்றிருக்கும். உதறிப் பிரிக்காமல் பாயில் மெல்ல விரியுங்கள். மடிப்பை மாற்றி மடித்து, துவைத்த பழைய வேட்டியில் சுற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. குண்டூசி வேண்டாம், துருப்பிடிக்கும்.

ஜரிகைக்காரருக்கு இல்லையென்று சொல்லிவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே திருச்சிக்குப் புறப்படுங்கள். போனில் படம் அனுப்பினால் போதாது. ஏழையும் எடுத்துப் போய் ஒவ்வொன்றாக அவர் மடியில் வையுங்கள், தடவிப் பார்க்கட்டும். சொல்வதை அங்கேயே பென்சிலால் எழுதி, அந்தந்த வேட்டி முடிச்சுக்குள் வைத்துவிடுங்கள்.