நகரப் பள்ளிகளைப் போய்ப் பார்ப்பது, ஆசிரியராக விரும்புபவரின் எண்ணத்தை மாற்றுமா?

மாற்றும். பார்க்கத் தெரிந்து பார்த்தால் நன்றாகவே மாற்றும்.

நீங்கள் பி.எட். முதலாண்டு, ஊர்ப்பக்கம் படித்தவர், சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியை ஒதுக்கியிருக்கிறார்கள், "அந்த ஏரியா பசங்களா, சமாளிக்கவே முடியாது" என்று நாலு பேர் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். மாணவ ஆசிரியர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் வகுப்பைப் பார்ப்பது என் வேலை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒருநாள் போய்வந்தால் ஒன்றும் தெரியாது. ஹெச்.எம். அறையில் டீ, ஸ்மார்ட் போர்டு, இரண்டு பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சு, குரூப் போட்டோ. விருந்தாளிக்கு எந்தப் பள்ளியும் இதைத்தான் காட்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது பள்ளிப் பயிற்சியும் 20 வாரமானது. முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. முதலாண்டின் 4 வாரத்தை "வெறும் அப்சர்வேஷன்தானே" என்று பலரும் ஓட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த 4 வாரம்தான் முக்கியம். பாடம் எடுக்கும் பதற்றம் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் கவனிக்க அப்போதுதான் நேரம் கிடைக்கும். ஒரே வகுப்பில், முடிந்தால் 6ஆம் வகுப்பில், தொடர்ந்து உட்கார அனுமதி கேளுங்கள். தினம் ஒரு வகுப்பு என்று மாறினால் பெயர்கூட மனதில் நிற்காது.

முதலில் வகுப்பாசிரியரிடம் பெயர்ப் பட்டியலைக் கேட்டு, யார் எந்த மாதம் சேர்ந்தார்கள், யார் நடுவில் போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நகரப் பள்ளிக்கே உரிய சிக்கல் அங்கேதான் தெரியும். கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து நகரின் தெற்கு ஓரத்திலுள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குக் குடும்பங்களை மாற்றும்போது பிள்ளைகளின் படிப்பாண்டு பாதியில் அறுகிறது. சில பிள்ளைகள் பழைய பள்ளியை விட மனமில்லாமல் பஸ் பாஸோடு அவ்வளவு தூரமும் வந்துபோவார்கள். தாமதமாக வருபவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதும் முன் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே ஆகஸ்டிலும் புதுப்பிள்ளை வரும், நவம்பரிலும் வரும். "நேற்று பார்த்தோமே" என்று தொடங்கும் பாடம் அங்கே நிற்காது. ஒவ்வொரு பாடத்தையும் அன்று புதிதாக வந்தவரும் பிடித்துக்கொள்ளும்படி முதல் 3 நிமிடத்தை அமைக்க வேண்டும்.

அடுத்தது வாசிப்பு. 6ஆம் வகுப்பில் 2ஆம் வகுப்புப் புத்தகத்தைத் தடுமாறிப் படிக்கும் பிள்ளையும் இருக்கும், செய்தித்தாளைச் சரளமாகப் படிக்கும் பிள்ளையும் இருக்கும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய நடத்தும் ஏசர் ஆய்வு இதை எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிநிலை வைத்துச் சோதிக்கிறது. ஆனால் அது கிராமப்புறத்தை மட்டுமே எடுக்கும் ஆய்வு, நகர வகுப்பறை அதில் வராது. நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, 2ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையாக வராந்தாவுக்கு அழைத்து 2 நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் வகுப்பு முன்னால் வேண்டாம். 35 பேர் என்றால் இடைவேளைகளில் ஒரு வாரம் ஆகும். எங்கே தடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்புகிறதா, மெய்யெழுத்தை விட்டுவிடுகிறதா, சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறதா? ல, ள, ழ உச்சரிப்பு மாறினால் அதை வாசிப்புக் குறையாகக் கணக்கு வைக்காதீர்கள், அது பேச்சு வழக்கு. வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் பிள்ளையைத் தனியாகக் குறியுங்கள். அவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரியாததுதான் பல நேரம் தடை, எழுத்து தெரியும்.

இந்தத் தாள் கையில் இருந்தால் பாடக்குறிப்பு எழுதும் விதமே மாறிவிடும். 40 நிமிடப் பாடவேளைக்கு நான்கு நோக்கங்கள் எழுதுவதை விடுங்கள். பிள்ளைகள் உட்கார, செயலியில் வருகை போட, நோட்டு எடுக்க என்று 10 நிமிடம் போய்விடும். மீதி 30 நிமிடத்துக்கு ஒரே ஒரு நோக்கம் போதும். கரும்பலகையில் எழுத்து 4 செ.மீ.க்குக் குறைந்தால் கடைசி வரிசைக்குத் தெரியாது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சுது மிஸ்" என்ற கோரஸ் எப்போதும் வரும். கேள்வியைக் கேட்டு, 5 விநாடி பொறுத்து, அதன்பிறகு பெயர் சொல்லுங்கள். முதலில் பெயரைச் சொன்னால் மற்ற 34 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஆங்கில வழிப் பிரிவு கொடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆசிரியர் தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் விடை எழுதிப்போடுவார். பிள்ளைக்குப் பொருள் ஒரு மொழியில், தேர்வு வேறு மொழியில். நோட்டு நிறைந்திருக்கும், அதே விடையைச் சொந்த வாக்கியத்தில் கேட்டால் திணறும். அறிவியல் என்றால் ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் படம், தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் மூன்றையும் பலகையின் ஓரத்தில் பாடவேளை முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "மாநகராட்சிப் பள்ளியை மட்டம் தட்டுகிறார்" என்று யாராவது வருவார்கள். இல்லை. இத்தனை விதமான பிள்ளைகளையும் கழித்துவிடாமல் ஏற்றுக்கொள்ளும் பள்ளி அது. நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தோடு அதை ஒப்பிடுவதே அநியாயம். கிராமத்தில் இச்சிக்கல் இல்லையா என்றால், வாசிப்புப் பின்னடைவு அங்கும் உண்டு. நடுவாண்டு இடமாற்றமும் ஒரே அறையில் நாலு வீட்டுமொழியும்தான் நகரத்தில் கூடுதல்.

கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரெக்கார்டு, அதாவது பள்ளிப் பயிற்சிக்காக எழுதி ஒப்படைக்கும் பதிவேடு. ஸ்கெட்ச் பேனாவில் பார்டர், ஜிகினா தாள், காசு கொடுத்து வேறொருவர் எழுதிய பாடக்குறிப்பு. செய்முறைத் தேர்வுக்கு வரும் சிலர் அட்டையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பிள்ளைகள் வாசித்ததைப் பற்றிப் பேனாவால் கிறுக்கிய நாலு பக்கத்துக்கு அங்கே மதிப்பில்லை. மாணவ ஆசிரியர் இரவெல்லாம் ஒட்டி வெட்டிவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி வழிகிறார். கல்லூரிகள் இதை நிறுத்தினாலே பயிற்சி பாதி சரியாகும்.

இனி வேலை விஷயம். 4 வாரம் முடிந்ததும் "எந்தப் பாடம் நடத்துவேன்" என்ற யோசனை "எந்த வயதுப் பிள்ளையோடு இருப்பேன்" என்று மாறும். பலருக்கும் தொடக்க வகுப்புமீது ஆசை வரும், வாசிப்புச் சிக்கலின் வேர் அங்கே இருப்பது தெரிந்துவிடுவதால். அவசரப்படாதீர்கள். 1 முதல் 5ஆம் வகுப்புவரை ஆசிரியராக பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும், டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் தாள் 1 எழுத வேண்டும். உங்கள் பி.எட். பட்டத்துக்கு டெட் தாள் 2, பட்டதாரி ஆசிரியர் பணி. தமிழ்நாட்டில் டெட் தேர்ச்சி மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வும் உண்டு. 11, 12ஆம் வகுப்புதான் பிடிக்கிறது என்றால் முதுகலைப் பட்டத்தோடு ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யின் முதுகலை ஆசிரியர் தேர்வு, அதற்கு டெட் தேவையில்லை. மூன்றுக்கும் தயாரிப்பு வேறுவேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கோச்சிங்கில் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாமாண்டின் 16 வாரத்துக்கும் அதே பள்ளியையே கேளுங்கள். கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில், பள்ளி ஒதுக்கீட்டுப் பட்டியல் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். 6ஆம் வகுப்பில் நீங்கள் வாசிப்புச் சோதித்த பிள்ளைகள் அப்போது 7இல் இருப்பார்கள். பழைய தாளை எடுத்துக்கொண்டு போனால் முதல் நாளே எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.