ஐந்தாவது பரிமாணம் எங்கே ஒளிந்திருக்கிறது? சேலம், ஏற்காடு வாசகர் கேள்விகள்

காலம்தான் நான்காவது பரிமாணம் என்கிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

ஏற்காட்டில் தோழியைச் சந்திக்க 'அண்ணா பூங்கா' என்று சொன்னால் போதாது, எத்தனை மணிக்கு என்றும் சொல்ல வேண்டும். இடத்துக்கு மூன்று எண்கள், நேரத்துக்கு ஒன்று. ஈர்ப்பு இந்த நான்கையும் சேர்த்தே வளைக்கிறது என்று 1915-ல் காட்டினார் ஐன்ஸ்டைன். ஏற்காடு, சேலத்தை விடச் சுமார் 1,200 மீட்டர் உயரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மலை மேல் இருக்கும் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 நானோ நொடி வேகமாக ஓடும். நம் கைக்கடிகாரத்தில் இது தெரியாது, நல்ல அணுக் கடிகாரங்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

ஐந்தாவது பரிமாணம் இருந்தால் ஏன் நம் கண்ணில் படவில்லை? (காபித் தோட்டக்காரர், ஏற்காடு)

உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தை எதிர் மேட்டிலிருந்து பாருங்கள், வெறும் கோடாகத் தெரியும். அதில் படர்ந்த மிளகுக் கொடியில் ஊரும் எறும்போ மேலேயும் ஏறும், மரத்தைச் சுற்றியும் வரும். தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு அந்தச் சுற்றுத் திசை தெரிவதில்லை. ஐந்தாவது பரிமாணமும் இப்படிச் சுருண்டு கிடக்கலாம் என்று 1926-ல் எழுதினார் ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன். அவர் கணக்கில் அதன் சுற்றளவு, புரோட்டானை விடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் சிறியது.

அதற்கு முன்பே, 1919-ல், ஜெர்மன் கணித அறிஞர் தியோடர் கலூட்சா ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். ஈர்ப்புச் சமன்பாடுகளை ஐந்து பரிமாணத்தில் எழுதிப் பார்த்தபோது, மின்சாரத்தையும் காந்தத்தையும் விளக்கும் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் அதற்குள்ளிருந்தே வெளிவந்தன! எத்தனை முறை வகுப்பில் இதை எழுதிக் காட்டினாலும் எனக்குச் சிலிர்க்கும். கட்டுரை அச்சானது 1921-ல்.

ஸ்ட்ரிங் கோட்பாட்டில் ஏன் 10 பரிமாணம்? (ஆசிரியர், ஆத்தூர்)

எல்லாத் துகள்களும் அதிரும் நுண்ணிய இழைகளே என்பதுதான் ஸ்ட்ரிங் கோட்பாடு. பத்துக்குக் குறைந்தாலும் கூடினாலும் அதன் கணிதம் தனக்குத் தானே முரண்படுகிறது. காலத்தையும் சேர்த்துத்தான் 10. 1995-ல் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் அதை 11-க்குக் கொண்டுபோனார்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா? (ஓய்வுபெற்ற பொறியாளர், சூரமங்கலம்)

இதுவரை இல்லை. ஆனால் தேடுவதற்குத் தெளிவான வழி இருக்கிறது. ஈர்ப்பு ஏன் தூரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி குறைகிறது? மூன்று திசைகளில் பரவுவதால். இன்னும் இரண்டு திசைகள் சுருண்டிருந்தால், அவற்றின் அளவை விட நெருங்கிய தூரத்தில் ஈர்ப்பு நான்காம் அடுக்குக்குத் தக்கபடி மாறும், நாம் எதிர்பார்ப்பதை விடப் பலமாக இழுக்கும். இந்த இரண்டும் மில்லிமீட்டர் அளவுக்குக்கூடப் பெரிதாக இருக்கலாம் என்று 1998-ல் அர்க்கானி-ஹமேத், டிமோபொலஸ், த்வாலி என்ற மூன்று இயற்பியலாளர்கள் சொன்னதும் ஆய்வகங்கள் சுறுசுறுப்பாயின. காரணம், அவ்வளவு நெருக்கத்தில் நியூட்டனின் இந்த வர்க்க விதியை அதுவரை யாரும் சரியாக அளந்து பார்க்கவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு மெல்லிய கம்பியில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, கீழே இன்னொரு தட்டைச் சுழற்றி, கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளக்கிறது. 2020-ல் வெளியான முடிவில் இடைவெளி 0.052 மில்லிமீட்டர் வரை குறைந்தது. அங்கேயும் நியூட்டன் சொன்னபடியே நடந்தது. வானமும் ஒரு சோதனை தந்தது: 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்களின் (சுருங்கி மிக அடர்த்தியான விண்மீன்கள்) மோதலிலிருந்து, இடமும் காலமும் அதிர்வதால் பரவும் ஈர்ப்பு அலையும் ஒளியும் வந்தன. சுமார் 13 கோடி ஒளியாண்டு கடந்த அந்த அலை வேறு பரிமாணத்துக்குள் கசிந்திருந்தால் இங்கே வலுக் குறைந்து வந்திருக்கும். அப்படிக் குறையவில்லை. இத்தனை கச்சிதமாக 'இல்லை' என்று சொல்லும் சோதனைகளை நான் பெரிதாக மதிக்கிறேன், ஒவ்வொன்றும் கூடுதல் பரிமாணம் ஒளிந்திருக்கக்கூடிய இடத்தைச் சுருக்குகிறது.

ஆவிகள் ஐந்தாவது பரிமாணத்தில் உலவுவதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? (இல்லத்தரசி, அம்மாப்பேட்டை)

இல்லைங்க, அம்மா. மேலே சொன்ன 1998 கோட்பாட்டிலேயே, ஈர்ப்பு மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். ஒளி, அணு எல்லாம் நம் மூன்று திசைகளிலேயே கட்டுண்டவை. கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்கிற எதுவும் அங்கே போய் வர முடியாது. இயற்பியல் சொற்களைக் கடன் வாங்கிப் பயமுறுத்துவோரை நம்ப வேண்டாம்.

பிளஸ் டூ படிக்கிறேன். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன படிக்கலாம்? (மாணவன், ஓமலூர்)

சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு, சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் தம்பி. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. வெக்டர், அணிகள், நுண்கணிதம் மூன்றையும் மனப்பாடம் செய்யாமல் கையால் போட்டுப் பழகிவிட்டு அவற்றை எடுங்கள்.